எலெக்ட்ரான் கூட்டமும் ஒரு 16 மார்க் கேள்வியும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப அப்பாவைப் பின்னாடி உட்கார வச்சுக்கிட்டு பாலக்கோடு பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போய்க்கிட்டு இருந்தேன். தூறல் பிடிச்சுது. வண்டியை ஓரமா நிறுத்தி ஒதுங்கினோம். தலைக்கு மேல ஒரு உயர் அழுத்த மின்கம்பி, தக்காளித் தோட்டத்தைத் தாண்டி கோபுரம் கோபுரமா போகுது. அந்தக் கம்பியிலிருந்து 'உஸ்ஸ்ஸ்'னு ஒரு சத்தம். நடுநடுவே பொரி பொரியற மாதிரி படபடப்பு.

அப்பா மின்வாரியத்தில் துணைமின் நிலையத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு அந்தச் சத்தம் தாலாட்டு மாதிரி.

"நீ ஈ.ஈ.ஈ. படிச்சவன்தானே, இது ஏன் கத்துது சொல்லு பாக்கலாம்?"

"கொரோனா டிஸ்சார்ஜ்ப்பா."

"பேரு எனக்கும் தெரியும்டா. ஏன்னு கேட்டேன்."

வாயை மூடிக்கிட்டேன். ஏன்னா எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்தப் பேரும், பரீட்சையில் எழுதின ஒரு ஃபார்முலாவும்தான். பொட்டி தட்டுற வேலைக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு. அன்னைக்கு ராத்திரி பரணில் இருந்து பழைய 'ஹை வோல்டேஜ் இன்ஜினியரிங்' புத்தகத்தை இறக்கினேன். நாயுடு, காமராஜு எழுதினது. தமிழ்நாட்டில் ஈ.ஈ.ஈ. படிச்ச யாரும் இந்த ரெண்டு பேரை மறந்திருக்க முடியாது. ரெண்டாவது அத்தியாயம், டவுன்செண்டின் முதல் அயனியாக்கக் குணகம். "16 மார்க், கண்டிப்பா வரும்" என்று என் கையெழுத்திலேயே ஓரத்தில் எழுதி, காற்றுக்கு ஏ என்றால் 15, பி என்றால் 365 என்று அடிக்கோடு போட்டு வச்சிருக்கேன்.

அந்த 15ஐயும் 365ஐயும் யார், எப்படி எண்ணினாங்கன்னு ஒரு தடவைகூட யோசிச்சதில்லை. இந்தப் பதிவு அதைத் தேடிப் போன கதை. இயற்பியல் அலர்ஜி உள்ளவங்க அடுத்த ரெண்டு பாராவை மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாண்டிடுங்க. அப்புறம் மனுஷங்க கதைதான்.

தர்மபுரிக்காரங்களுக்கு குமாரசாமிப்பேட்டை முருகன் கோவில் தைப்பூசக் கூட்டம் தெரியும். அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் எங்கே போறான்னு கேட்டா பதில் சொல்ல முடியாது. இடது பக்கம் தள்ளுறான், பின்னாடி இடிபடுறான், திரும்பி முறைக்கிறான். ஆனா மொத்தக் கூட்டமும் மெதுவா தேர் இருக்கிற பக்கம் நகரும். வாயுவுக்குள்ளே எலெக்ட்ரான்கள் போறதும் இப்படித்தான். காற்று மின்காப்பை இழந்து தீப்பொறி பறக்கப்போகிற நிலையில், ஒரு எலெக்ட்ரான் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் கணக்கில் தாறுமாறா ஓடும். ஒரு நொடிக்கு லட்சம் கோடி தடவைக்கு மேல் மூலக்கூறுகளோட மோதும். ஆனா மின்புலம் இழுக்கிற திசையில் கூட்டத்தோட நிகர வேகம் அதில் பத்தில் ஒரு பங்குதான், சுமார் 100 கிலோமீட்டர். (அதுவும் தர்மபுரியிலிருந்து பெங்களூருக்கு ஒன்றேகால் நொடி. ஓசூர் டிராஃபிக்கில் நிக்கிறப்ப இதை நினைச்சா வயிறு எரியும்.)

மோதுறப்ப நாலு விதமா ஆகலாம். சும்மா திசை மாறலாம். மூலக்கூறை அதிர வச்சோ கிளர்த்திவிட்டோ கொஞ்சம் ஆற்றலை இழக்கலாம். வேகம் போதுமான அளவு இருந்தா மூலக்கூறிலிருந்து இன்னொரு எலெக்ட்ரானைப் பிடுங்கி வெளியே தள்ளலாம், அதுதான் அயனியாக்கம். இல்லைன்னா மூலக்கூறே இந்த எலெக்ட்ரானைப் பிடிச்சு வச்சுக்கலாம். ஒரு தனி எலெக்ட்ரானை அந்தக் கூட்டத்துக்குள்ள பின்தொடர முடியாது. ஆனா கூட்டம் எவ்வளவு வேகமா நகருது, எவ்வளவு அகலமா பரவுது, வழியில் எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் காணாமப் போனாங்க என்பதை அளந்தா, உள்ளே நடக்கிற மோதலைக் கணக்குப் போட்டுச் சொல்லிடலாம். இந்த யோசனைதான் ஒரு துறையையே உண்டாக்கியது. ஆங்கிலத்தில் 'ஸ்வார்ம்' என்பார்கள். தேனீக் கூட்டத்துக்குச் சொல்ற அதே வார்த்தை.

ஆரம்பிச்சு வச்சவர் ஜான் சீலி டவுன்செண்ட். 1868ல் அயர்லாந்தின் கால்வே பகுதியில் பிறந்தவர். 1895ல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்துக்கு ஜே.ஜே.தாம்சனிடம் வந்து சேர்ந்தார். அதே சமயம் நியூசிலாந்திலிருந்து வந்து சேர்ந்த இன்னொரு பையன் பேர் ரூதர்ஃபோர்டு. ரூதர்ஃபோர்டை எட்டாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். டவுன்செண்டை 16 மார்க்குக்காக மட்டும்தான் தெரியும். 1900ல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஆனார்.

அவர் செஞ்ச சோதனை, சொல்லப்போனா, ஒரு பள்ளிக்கூட லேபில் வைக்கலாம் போல இருக்கும். ஒரு கண்ணாடிக் கலன், அதுக்குள்ள எதிரெதிரா ரெண்டு உலோகத் தட்டு, குறைஞ்ச அழுத்தத்தில் வாயு. ஒரு தட்டின் மேல் புற ஊதா ஒளி விழுந்தால் அதிலிருந்து கொஞ்சம் எலெக்ட்ரான்கள் கிளம்பும். மறு தட்டுக்கு எவ்வளவு மின்னோட்டம் வந்து சேருதுன்னு அளக்கணும். பிறகு தட்டுகளுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கூட்டணும். மின்புலமும் வாயு அழுத்தமும் மாறாமப் பாத்துக்கணும். தூரம் கூடக் கூட, வந்து சேர்ற மின்னோட்டம் வட்டிக்கு வட்டி போட்ட மாதிரி ஏறும். ஒரு எலெக்ட்ரான் ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து புது எலெக்ட்ரான் என்கிற வீதத்தில் உண்டாக்கினா, முதல் சென்டிமீட்டர் முடிவில் ஒன்று சுமார் 22,000 ஆகும். ரெண்டாவது முடிவில் 48 கோடி. புதுசா வந்தவங்களும் சேர்ந்து பெருக்குறதால வர்ற வளர்ச்சி இது. மலையிலிருந்து உருண்டு வர்ற பனிச்சரிவு மாதிரி என்பதால் இதுக்கு டவுன்செண்ட் அவலாஞ்ச் என்று பேர். அந்த வளர்ச்சிக் கோட்டின் சாய்வுதான் நான் மனப்பாடம் பண்ணின ஆல்ஃபா.

இன்னொன்றும் கவனித்தார். மின்புலத்தை இரட்டிப்பாக்கி அழுத்தத்தையும் இரட்டிப்பாக்கினால், ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவே எலெக்ட்ரானுக்குக் கிடைக்கிற ஆற்றல் மாறாது. அதனால் மின்புலத்தைத் தனியாச் சொல்றதில் அர்த்தமில்லை, வாயுவின் அடர்த்தியால் வகுத்துத்தான் சொல்லணும். காற்று மெலிஞ்ச மலை ஊர்களில் மின்கருவிகளுக்கு இடைவெளி அதிகம் வைக்க வேண்டியிருப்பது இதனால்தான். ஆயிரம் மீட்டருக்கு மேலே போனா காப்புத் திறனைத் திருத்திக் கணக்குப் போடணும். ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். மின்புலத்தை அடர்த்தியால் வகுத்துச் சொல்ற அந்த அளவுக்கு 1966ல் 'டவுன்செண்ட்' என்றே அலகு வைக்கலாம் என்று ஹக்ஸ்லி, கிராம்ப்டன், எல்ஃபோர்டு மூணு பேரும் முன்மொழிந்தார்கள். இன்றைக்கும் அதுதான் அலகு.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம். 1921. ஜெர்மானியரான கார்ல் ராம்சவர், மெதுவான எலெக்ட்ரான்களைக் காந்தப்புலத்தால் வளைத்து, வரிசையா வச்ச சின்னச் சின்னப் பிளவுகள் வழியா வாயுக்குள் அனுப்பிப் பார்த்தார். மோதினவன் வளைவிலிருந்து விலகிடுவான், மோதாதவன் கடைசி வரை வந்து சேருவான். வேகம் குறையக் குறைய எலெக்ட்ரான் அதிகமா மோதணும், அதுதான் எல்லாரும் எதிர்பார்த்தது. ஆர்கானில் அதுக்கு நேர் எதிரா நடந்தது. ஒரு எலெக்ட்ரான்வோல்ட்டுக்கும் கீழே வந்ததும், அங்கே ஆர்கான் அணுவே இல்லாத மாதிரி எலெக்ட்ரான்கள் பாட்டுக்கு உள்ளே புகுந்து வெளியே வந்தன.

அதே நேரத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் டவுன்செண்டும் அவர் மாணவர் விக்டர் பெய்லியும், முற்றிலும் வேறு வழியில், கூட்டத்தின் நகர்வையும் பரவலையும் அளந்து, ஆர்கானில் இதே விசித்திரத்தைக் கண்டார்கள். ஒருத்தர் தனித்தனி எலெக்ட்ரான் கற்றையை வச்சுப் பார்த்தார், இன்னொருத்தர் கூட்டத்தை வச்சுப் பார்த்தார். ரெண்டு பேரும் ஒரே இடத்தில் முட்டிக்கிட்டார்கள். அதனால்தான் ராம்சவர்-டவுன்செண்ட் விளைவு என்று ரெண்டு பேர் பெயரும் ஒட்டியிருக்கு.

எலெக்ட்ரானை ஒரு குண்டு மாதிரி நினைச்சா இதுக்கு விளக்கமே கிடையாது. 1924ல் டி பிராய் பொருளுக்கும் அலைத்தன்மை உண்டு என்றார். அடுத்த வருஷமே வால்டர் எல்சாசர் என்ற இளைஞர், ராம்சவர் பார்த்தது அந்த அலையைத்தான் என்று எழுதினார். 1927ல் ஃபாக்சேனும் ஹோல்ட்ஸ்மார்க்கும் முறையான கணக்கைப் போட்டார்கள். மூக்குக் கண்ணாடிக்குப் போடுற ஆன்டி-கிளேர் கோட்டிங் ஞாபகம் இருக்கா? படலத்தின் தடிமனும் ஒளியின் அலைநீளமும் சரியாப் பொருந்தினா பிரதிபலிப்பு ஒன்றையொன்று அழிச்சுக்கும். கிட்டத்தட்ட அதே மாதிரி, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் எலெக்ட்ரான் அலைக்கு ஆர்கான் அணு கண்ணுக்குத் தெரியாமப் போயிடுது.

இதில் சோகம் என்னன்னா, குவாண்டம் இயற்பியலுக்குக் கிடைச்ச ஆரம்பகாலச் சாட்சிகளில் ஒன்றைத் தன் கையால் அளந்த டவுன்செண்ட், அந்தக் குவாண்டம் கொள்கையை ஏற்காதவர் என்றே பேர் வாங்கினார். இயற்பியல் உலகம் அவரைத் தாண்டிப் போயிருச்சு. நோபல் கிடைக்கவில்லை. 1957ல் காலமானார். அவர் போட்ட விளக்கங்களில் பல காலாவதி ஆயிருச்சு. அவர் எடுத்த அளவுகள் ஆகலை. ஒரு புரோக்ராமரா எனக்கு இது உறைக்குது. நாம் எழுதின கோடு மூணு வருஷத்தில் குப்பைக்குப் போகும், உள்ளே இருந்த டேட்டா மட்டும் தப்பிக்கும்.

பெய்லி 1924ல் சிட்னிக்குப் போனார். அவரைப் பத்தி ஒரு குட்டிக்கதை சொல்லாம நகர முடியலை. 1933ல் ஹாலந்தில் சுவிட்சர்லாந்து வானொலியைக் கேட்டுக்கிட்டு இருந்த டெலிஜென் என்ற பொறியாளருக்கு, பின்னணியில் லக்சம்பர்க் வானொலியும் கேட்டது. ரெண்டும் வேற வேற அலைநீளம், ரேடியோவில் கோளாறும் இல்லை. அடுத்த வருஷம் பெய்லியும் மார்ட்டினும் காரணம் சொன்னார்கள். சக்தி வாய்ந்த லக்சம்பர்க் நிலையம் அயனி மண்டலத்து எலெக்ட்ரான்களைச் சூடாக்குது, அவை மூலக்கூறுகளோட மோதுற எண்ணிக்கை மாறுது, அந்த வழியாப் போற சுவிஸ் அலை அந்த மாற்றத்தைச் சுமந்துக்கிட்டு வருது. கண்ணாடிக் கலனுக்குள் எடுத்த அளவு வானத்தில் வேலை செஞ்சது.

அளக்கிற முறைகளும் நல்லாவே முன்னேறின. 1936ல் பிராட்பரியும் நீல்சனும் மெல்லிய கம்பிகளால் ஆன ரெண்டு கதவு வைத்தார்கள். முதல் கதவை ஒரு கணம் திறந்து ஒரு கும்பலை விடுவது, எத்தனை மைக்ரோ நொடி கழிச்சு ரெண்டாவது கதவில் வருதுன்னு பார்ப்பது. டோல்கேட்டுக்கு டோல்கேட் நேரம் பார்த்து பஸ் வேகம் கண்டுபிடிக்கிற மாதிரி. பரவலை அளக்க இன்னொரு ஏற்பாடு. சின்ன ஓட்டை வழியா எலெக்ட்ரான்களை விட்டு, எதிரே நடுவில் ஒரு வட்டத் தட்டு, அதைச் சுற்றி ஒரு வளையம். வளையத்துக்கு எவ்வளவு, வட்டத்துக்கு எவ்வளவு என்ற விகிதத்திலிருந்து கூட்டம் எவ்வளவு அகலித்தது என்று தெரியும். கேக்க சுலபமா இருக்கு. வாயுவில் துளி அசுத்தம் இருந்தாலும் எண் மாறிடும். கலனைச் சுட வச்சு, உறிஞ்சி, திரும்பச் சுட வச்சு, நாள்கணக்கில் காத்திருந்து ஒரு புள்ளி எடுக்கணும். கிராஃபில் நாம் பார்க்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னாடி அப்படி ஒரு வாரம் இருக்கு.

நம்ம அப்பா கேட்ட கேள்விக்கு இப்பத்தான் வர்றேன். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எலெக்ட்ரானைப் பிடிச்சு வச்சுக்கும் ஜாதி. ஆக, பெருகுறது ஒரு பக்கம், காணாமப் போறது இன்னொரு பக்கம். டவுன்செண்டின் நேர்கோடு அப்ப நேர்கோடா இருக்காது, வளையும். அந்த வளைவிலிருந்து ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சு எடுக்கணும். இதை உலர்ந்த காற்றுக்கு 1959ல் செஞ்சு வெளியிட்டவர் ஏ.என்.பிரசாத். அடுத்த வருஷம் பிரசாத்தும் கிராக்ஸும் ஈரக் காற்றுக்கு அளந்தார்கள். கிராக்ஸ் இருந்த இடம் லிவர்பூல் பல்கலைக்கழகம். மீக், கிராக்ஸ் என்ற ரெண்டு பேரும் 1953ல் எழுதின 'வாயுக்களின் மின்முறிவு' பற்றிய புத்தகம் அந்தத் துறையின் பைபிள்.

ஈரக் காற்று எண்களைப் பார்த்தா, நாம் நினைச்சதுக்கு நேர்மாறு. நீராவி எலெக்ட்ரானைப் பிடிக்கிறதைக் கூட்டுது. அதாவது ஈரப்பதம் காற்றை மோசமாக்கலை, கொஞ்சம் பலமாவே ஆக்குது! அப்புறம் எப்படி மழையில் கம்பி கத்துது? குற்றவாளி காற்றில் இருக்கிற ஈரம் இல்லை, கம்பியில் தொங்குற சொட்டு. சொட்டின் நுனி கூர்மையா நீண்டு, அந்த ஒரு இடத்தில் மட்டும் மின்புலம் சென்டிமீட்டருக்கு சுமார் 30 கிலோவோல்ட்டைத் தாண்டிடும். அங்கே டவுன்செண்ட் சொன்ன சரிவு ஆரம்பிக்கும். கொஞ்சம் தள்ளிப் போனா மின்புலம் குறைஞ்சு, ஆக்சிஜன் மிச்ச எலெக்ட்ரான்களைப் பிடிச்சுப் போட்டு, அடங்கிடும். 'உஸ்ஸ்' என்பது இப்படிக் கோடிக்கணக்கான குட்டிச் சரிவுகள் பிறந்து செத்துக்கிட்டே இருக்கிற சத்தம்.

அட, இந்த வரிசையில் அடுத்து வர்ற பேரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எம்.எஸ்.நாயுடு. என் பரண் புத்தகத்தின் அதே நாயுடு. அவரும் பிரசாத்தும் லிவர்பூலில் 1968ல் நைட்ரஜன், ஹைட்ரஜன், 1970ல் ஆக்சிஜன், 1972ல் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு என்று வரிசையா எலெக்ட்ரான் நகர்வையும் பரவலையும் அளந்து கட்டுரை போட்டிருக்கிறார்கள். உலகம் முழுக்க இந்தத் துறையில் வேலை செய்றவங்க இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிற எண்கள். பிறகு நாயுடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உயர் மின்னழுத்தத் துறைப் பேராசிரியரா இருந்தார். கைடு மாதிரி நினைச்சுப் புரட்டின புத்தகத்தை எழுதினவர், உள்ளே இருக்கிற எண்களை அளந்த பரம்பரையில் ஒருத்தர்னு எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லலை. நானும் கேட்கலை, அதையும் சொல்லிடணும். அதே கழகத்தில் இருந்து பிறகு கனடாவின் விண்ட்சர் பல்கலைக்கழகத்துக்குப் போன கோவிந்த ராஜு, உலகத்தில் யார் யார் எந்தெந்த வாயுவில் என்னென்ன அளந்தாங்கன்னு திரட்டி, 2011ல் பக்கம் பக்கமா அட்டவணைப் புத்தகமே போட்டிருக்கார்.

சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடுன்னா யாருக்கும் புரியாது. 'எஸ்.எஃப்.6 பிரேக்கர்'னா எங்க வீட்டில் அம்மாவுக்கும் தெரியும். 1900 வாக்கில் பாரீஸில் மொய்சானும் லெபோவும் உண்டாக்கின வாயு. நிறம், மணம் கிடையாது, காற்றைவிட ஐந்து மடங்கு கனம். எலெக்ட்ரானைப் பார்த்தா விடவே விடாது. பிடிச்ச உடனே அது கனமான அயனி ஆயிடும், ஓட முடியாது, இன்னொருத்தரை இடிச்சுத் தள்ளவும் முடியாது. காற்றைவிட மூணு மடங்கு அளவுக்கு மின்னழுத்தம் தாங்கும். பெருகுறதும் பிடிபடுறதும் சமமாகிற புள்ளி சுமார் 360 டவுன்செண்ட். துணைமின் நிலையத்தில் எண்ணெய் பிரேக்கர்கள் போய் இந்த கேஸ் பிரேக்கர்கள் வந்தது எதனாலன்னு கேட்டா, அந்த ஒரு எண்ணைத்தான் காட்டணும். எங்க மாவட்டத்தில் இப்ப 765 கிலோவோல்ட் துணைமின் நிலையம் இருக்கு. (பேர் மட்டும் 'சேலம் நியூ'. இடம் எங்களோடது, பேர் சேலத்துக்கு. வழக்கம் போல!)

ஆனா எஸ்.எஃப்.6க்கு ஒரு கெட்ட குணம். நூறு வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 24,000 மடங்கு பூமியைச் சூடாக்கும். 1997 கியோட்டோ ஒப்பந்தப் பட்டியலிலேயே இருக்கு. ஐரோப்பா 2024ல் புது விதிகள் போட்டு, புது மின்கருவிகளில் இதைப் படிப்படியா நிறுத்துது. மாற்றா ஃப்ளோரோநைட்ரைல், ஃப்ளோரோகீட்டோன் மாதிரி மூலக்கூறுகளைக் கார்பன் டை ஆக்சைடோடோ காற்றோடோ கலந்து பார்க்கிறாங்க. அதை பிரேக்கருக்குள் நம்பி அடைக்கணும்னா முதல்ல என்ன தெரியணும்? கூட்டம் எவ்வளவு வேகமாப் போகுது, எத்தனை பெருகுது, எத்தனை பிடிபடுது. சூரிக்கில் இருக்கிற ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தின் உயர் மின்னழுத்த ஆய்வுக்கூடத்தில் இந்தப் புது வாயுக்களுக்கு ரெண்டு தட்டும் புற ஊதா ஒளியும் வச்சு அளந்துக்கிட்டு இருக்காங்க. லேசரும் அதிவேகக் கருவியும் வந்திருக்கு, சோதனை அதே டவுன்செண்ட் சோதனைதான்.

பழைய அளவுகள் எல்லாம் எல்எக்ஸ்கேட் என்கிற திறந்த தரவுத்தளத்தில் இலவசமாக் கிடைக்குது. போன ஞாயித்துக்கிழமை எஸ்.எஃப்.6 மோதல் எண்களை இறக்கி, போல்சிக் பிளஸ் என்ற நிரலில் ஓட்டினேன். சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், ரெண்டு நெடுவரிசை, ஒன்று ஆற்றல், ஒன்று மோதல் பரப்பு. ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடம் 360 பக்கத்தில் வந்து நின்னப்ப, ஆபீசில் எந்த ரிலீசுக்கும் வராத ஒரு சந்தோஷம்.

உடனே அப்பாவுக்கு ஃபோன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன், சொட்டுத் தண்ணியில் ஆரம்பிச்சு. பொறுமையாக் கேட்டார்.

"அப்ப அந்த கேஸை எடுத்துடுவாங்களா?"

"கொஞ்சம் கொஞ்சமா எடுப்பாங்கப்பா. நம்ம ஊருக்கு வர நாளாகும்."

"புதுசா போடற கேஸுக்கு இந்த அளவெல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்துக்கிட்டு இருக்காங்கப்பா."

"எடுத்து முடிக்கட்டும்" என்றார். அப்புறம் அம்மாவிடம் ஃபோனைக் கொடுத்துட்டார்.